இறங்கு பாட்டு

வேலை நடக்கிற இடத்தில் அவருக்கு 'ஓடுங்க' என்று பெயர். தாய் தகப்பன் வைத்த பெயர் எங்கோ மூலையில் கிடந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று அவர் பாட்டுக்கு வேலையைத் தொடர்வார். "ஓடுங்க அண்ணே, அந்தப் பலகையை இந்தப் பக்கம் தள்ளுங்க." "ஓடுங்க அண்ணன் சாப்பிட்டாச்சா?" புதிதாகச் சேர்ந்தவன் இது என்ன பெயர் என்று கேட்பான். பழைய ஆட்களுக்கு அதைச் சொல்வதில் தனி ருசி.

சென்ட்ரிங் வேலை அவருடையது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை பரப்பி, அடியில் முட்டுக் கொடுத்து, தளம் காய்ந்து தன் பலத்தில் நிற்கிற வரைக்கும் தாங்கிப் பிடிக்கிற வேலை. காய்ந்த பிறகு முட்டுகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். சில வருஷங்களுக்கு முன் அப்படி உருவிக்கொண்டிருந்தபோது மேலே ஏதோ கிறீச்சிட்டது. அவர் தொண்டை கிழிய "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தினார். ஆட்கள் தலைதெறிக்க ஓடினார்கள். தளம் விழவில்லை. ஓடியவர்களில் ஒருவன் கம்பிக் குவியலில் கால் சிக்கி விழுந்தான். எலும்பு முறிந்தது, சேர்ந்தபோதும் கோணலாகத்தான் சேர்ந்தது. அந்தத் தளத்துக்குக் கீழே இன்றைக்கு ஒரு குடும்பம் சுகமாகக் குடியிருக்கிறது. மேலே துணி காய்கிறது.

அன்றைக்குத் தொண்டையில் ஏறி உட்கார்ந்த பயம் பிறகு இறங்கவே இல்லை. எதையும் இரண்டு தரம் பார்ப்பார், மூன்றாம் தரமும் பார்ப்பார், கடைசியில் வாயை மூடிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் கண்ணில்தான் சனிக்கிழமை மதியம் அந்த விரிசல் பட்டது.

மறுநாள் ஆலயத்தில் ஆண்டு ஆராதனை. காகிதத் தோரணம் கட்ட ஏணியில் ஏறியிருந்தார். ஆலயத்தின் பின்பக்கம், பெரிய வாசலுக்கு மேலே, பாடகர்கள் நின்று பாடுவதற்கென்று ஒரு மேல்தளம் உண்டு. எல்லோரும் அதைப் பாட்டு மாடி என்பார்கள். இரண்டு பக்கச் சுவர்களிலும் தலை வைத்திருந்த ஒரே ஒரு பீம்தான் அதன் முன்விளிம்பு முழுவதையும் தாங்கியது. அந்த பீமின் பக்கவாட்டில், சுவரை ஒட்டி, கீழிருந்து மேலாகச் சாய்ந்து ஒரு கோடு போயிருந்தது. நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் உள்ளே போயிற்று.

பூச்சில் விழுகிற வெடிப்பு சிலந்தி நூல் மாதிரி இஷ்டத்துக்கு ஓடும். இது ஒரே போக்காகச் சாய்ந்து, ஒரு முடிவோடு போயிருந்தது. பக்கத்திலேயே, ஸ்பீக்கர் மாட்டுவதற்காகத் துளைத்து அடித்த பெரிய போல்ட்டுகள். அவர் கட்டி முடித்திருந்த தோரணத்தின்மேல் மாவு தூவியது போலக் கொஞ்சம் தூசி.

பூச்சாகவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ஏணியிலிருந்து இறங்கும்போது கால் படியைத் தவறவிட்டது.

வேறு ஆலயமாக இருந்தால் விஷயம் சுலபம். மாடியில் விரிசல், யாரும் ஏறாதீர்கள் என்று சொன்னால் முடிந்தது. இங்கே அப்படிச் சொல்ல வழியில்லாமல் போய்ப் பல நாள் ஆகிவிட்டது. காரணம் பாட்டு.

ஒரு பக்கம் பழைய பாட்டுக்காரர்கள். தையல்காரர் ஆர்மோனியத்தை அழுத்த, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்று நிதானமாகப் பாடுகிற கூட்டம். தையல்காரர் இவருடைய மனைவிக்கு அண்ணன்; மனைவியும் அந்தக் கூட்டத்தில் முன்வரிசை. இன்னொரு பக்கம் புதுப் பாட்டுக்காரர்கள். டிரம்ஸ், கிட்டார், சுவரில் பெரிய திரை, குதித்துக் கைதட்டிப் பாடுகிற இளவட்டம். டிரம்ஸ் அடிக்கிறவன் ஓர் எலக்ட்ரீசியன். மைக்கைப் பிடித்து முன்னால் நின்று பாடுகிறவள் இவருடைய மகள்.

நேருக்கு நேர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. எல்லாம் சாக்குப்போக்கில் நடந்தது. பழைய கூட்டம் ஒரு ஞாயிறு பாட்டு மாடிச் சாவி தொலைந்துவிட்டது என்றது. மறுநாள் அது தையல்காரரின் பொத்தான் டப்பாவில் கிடைத்தது. புதுக் கூட்டம் ஆர்மோனியத்தில் கறையான் ஏறிவிட்டது என்று அதைச் சாமான் அறையில் கொண்டுபோய்ப் போட்டது. அந்தக் கறையானைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஸ்பீக்கர் வயரில் கரண்ட் அடிக்கிறது என்று இந்தப் பக்கம் ஒரு புரளி. பழைய பாட்டுப் புத்தகத்தில் பூஞ்சை, பிள்ளைகளுக்கு இருமல் வரும் என்று அந்தப் பக்கம் ஒரு புரளி. இப்படியே போய், யார் எதைச் சொன்னாலும் அது உண்மையா என்று கேட்கிற பழக்கமே விட்டுப்போயிற்று. சொன்னவர் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் கேள்வி.

அந்தச் சண்டையில் கடைசியாகக் காணாமல் போனது இறங்கு பாட்டு. முன்பெல்லாம் ஆராதனை முடிகிறபோது பாடகர்கள் அதைப் பாடிக்கொண்டே மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்குவார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு படி. முன்னால் போகிறவர் படிக்கட்டின் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் அடுத்தவர் கால் வைக்க வேண்டும். கடைசி ஆளின் கால் தரையில் படுகிற வரை கீழே நிற்பவர்கள் அசையக் கூடாது, பாட்டையும் நிறுத்தக் கூடாது. இளவட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. பிணம் தூக்கிப் போகிற நடை என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

இவர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை. மனைவியும் மச்சானும் அங்கே இருக்கும்போது இவர் மட்டும் எங்கே போவார் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் அவருக்குப் புதுப் பாட்டுத்தான் பிடிக்கும். எழுத்துக் கற்றது வயது ஏறிய பிறகு. மகள் இரண்டாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்டார். பாட்டுப் புத்தகத்தில் அவர் விரல் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் சபை நாலாவது வரிக்குப் போய்விடும். திரையில் வருகிற புதுப் பாட்டு அப்படியில்லை. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை எழுத்துக் கூட்டலாம், இரண்டாம் தடவை சேர்த்துப் படிக்கலாம், மூன்றாம் தடவை வாயசைக்கலாம். வாயசைப்பதோடு சரி, குரல் விட்டுப் பாடியதே கிடையாது. இந்த ஆசையை மனைவியிடம் சொன்னால் வீட்டில் சோற்றுக்குப் பதில் பிரசங்கம்தான் கிடைக்கும். சொல்லவில்லை.

ஏணியை மடக்கிச் சாய்த்துவிட்டு, மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த போதகரிடம் போனார்.

"ஐயா, ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க."

போதகர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "பூச்சுதானே?"

"பூச்சா இருந்தா சந்தோஷம் ஐயா."

"இல்லேன்னா?"

அவர் வலது கையை நேராக நீட்டி, மணிக்கட்டில் மடித்துக் காட்டினார். போதகர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு மாடியை மூடினேன்னு வைங்க. உங்க வீட்டம்மா கூட்டம் ஜெயிச்சுட்டோம்னு சொல்லும். அந்தப் பிள்ளைங்க இதுவும் தொலைஞ்ச சாவி மாதிரிதான்னு சொல்லிட்டு எழுந்து போயிடும். போனா திரும்பி வராதுங்க. ஏற்கனவே பாதி பேர் வெளிய ஒரு காலை வச்சுக்கிட்டு நிக்கறாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிச்சயமா விழும்னு உங்களால சொல்ல முடியுமா?"

 கோணல் கால் ஒன்று அவர் மனதில் நடந்து போயிற்று.

"சொல்ல முடியாது ஐயா."

"திங்கட்கிழமை இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஏதாவது வழி இருக்கா?"

"முட்டுக் கொடுக்கலாம்."

"முட்டுன்னா எல்லாரும் கேப்பாங்களே." போதகர் தோரணத்தைப் பார்த்தார். "வெள்ளைத் துணி சுத்தி, காகிதப் பூ வச்சிடுங்க. அலங்காரத் தூண் மாதிரி இருக்கும். ரெண்டுக்கு மேல வேண்டாம்."

எட்டு வேண்டும் என்று மனம் சொன்னது. சரி என்று வாய் சொன்னது. கத்த வேண்டியதில்லை, யாரும் ஓட வேண்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி கூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு வெட்கப்பட்டார்.

மேஸ்திரியிடம் கேட்டு இரண்டு ஜாக்கிகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். திருகி உயரம் கூட்டுகிற இரும்பு முட்டுக்கு ஜாக்கி என்று பெயர். அடியில் பலகை, தலையில் பலகை, நடுவில் திருகுகிற வளையம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு, சென்ட்ரிங் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மேலே சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிற ஜாக்கியின் வளையம் கையாலேயே திரும்பும். மேலே இருப்பது இறங்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் திரும்பாது. கைக்கு இறுக்கமாகத் திருகிவைத்து, துணி சுற்றி, ரோஜா நிறத்தில் காகிதப் பூக்களைக் குத்தினார். தூரத்தில் நின்று பார்த்தால் கல்யாண வீட்டுத் தூண்கள் போல இருந்தன. அழகாக இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில், மகள் சுவரோரம் உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு விரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே பழைய பாட்டு ஒன்றை வேண்டுமென்றே உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் பேசிக்கொண்டு வாரங்கள் ஆயிற்று. உப்பு வேண்டுமென்றால்கூட அவர் வழியாகத்தான் கேட்டார்கள்.

அவர் மகளுக்கு எதிரில் உட்கார்ந்து ஹெட்போனைச் சைகை காட்டினார். அவள் ஒரு காதை மட்டும் விடுவித்தாள்.

"நாளைக்கு மாடிக்குப் போகாதம்மா. கீழ நின்னு பாடுங்க எல்லாரும்."

"ஏன்?"

"பீம்ல விரிசல் இருக்கு."

மகள் அவரைப் பார்க்கவில்லை. பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்த அடுக்களைப் பக்கம் பார்த்தாள். "அம்மா சொல்லிக் கொடுத்தாங்களா, மாமா சொல்லிக் கொடுத்தாரா?"

"யாரும் இல்ல. நானே பாத்தேன்."

"முதல்ல சாவி தொலைஞ்சுது. அப்புறம் கரண்ட் அடிச்சுது. இப்ப விரிசல். அடுத்து என்னப்பா, பாம்பா?"

"இவ ஆடற ஆட்டத்துக்குப் பாம்பே பயந்து ஓடிடும்னு சொல்லுங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாத்தீங்களா?" மகள் குரல் உடைந்தது. "ரெண்டு மாசமா அந்தக் கடைசிப் பாட்டுக்குத் தயார் பண்ணிட்டு இருக்கோம். நீங்களாவது நடுவுல நிக்கறீங்கன்னு நினைச்சேன்."

"நான் எந்தப் பக்கமும் இல்லம்மா. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்பப்பா பயமா இல்ல? அன்னைக்கும்தான் ஓடுங்க ஓடுங்கன்னு கத்தினீங்க. என்ன விழுந்துச்சு?"

சொன்ன உடனே அவளுக்கே அது உறைத்தது போலிருந்தது. ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுக்கத் தெரியாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவர் எழுந்து கொடியில் காய்ந்த தன் சட்டையை எடுத்து மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னால் போய் வளையங்களைத் தொட்டுப் பார்த்தார். கைக்குக் கொஞ்சம் அசைந்தன. மூச்சு வந்தது. பாட்டு மாடிக்குக் கீழே இருந்த பெஞ்சுகளை முன்னால் இழுத்துப் போட்டார். வந்தவர்கள் ஏன் என்று கேட்டபோது, "பின்னாடி சுவர்ல பெயின்ட் காயல, துணியில ஒட்டிக்கும்," என்றார். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். உண்மைக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் பொய்க்கு உடனே கிடைத்தது.

அவர் மட்டும் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். வாசலில் வரவேற்கிற ஆள் என்று நினைத்து இரண்டு பேர் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

மேலே அவர்கள் ஏறுகிற சத்தம் கேட்டது. அவர் தலைக்கு மேலே ஒவ்வொரு காலாகக் கடந்து போயிற்று. இது கிட்டார்க்காரன், செருப்பைத் தேய்த்து நடக்கிறவன். இது எலக்ட்ரீசியன். இது மகள், இரண்டு எட்டு வேகமாக வைத்து, ஒரு எட்டு நின்று, மறுபடி வேகமாக நடப்பாள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அந்தக் கால்கள் அவர் உச்சந்தலையில் நடப்பது போல இருந்தது. எல்லோரும் முன்விளிம்புக்கு வந்து நின்றார்கள். அங்கே நின்றால்தான் சபைக்குத் தெரியும்.

முதல் பாட்டு மெதுவானது. வளையம் அசைந்தது. இரண்டாவது பாட்டில் கைதட்டல். வளையம் அசைந்தது, ஆனால் யாரோ மறுபக்கம் பிடித்துக்கொண்டிருப்பது போல. பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. துணிக்குள் கையை விட்டு இரும்பைப் பிடித்தபடி நின்றார். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது.

பிரசங்கம் முடிந்து அந்தக் கடைசிப் பாட்டு தொடங்கியது. எலக்ட்ரீசியன் ஓங்கி அடித்தான். மேலே எல்லோரும் குதித்தார்கள். ஒரே நேரத்தில் எழும்பி ஒரே நேரத்தில் இறங்குகிற கால்கள். ஒவ்வொரு தடவையும் ஜாக்கிக்குள்ளிருந்து ஒரு துடிப்பு அவர் முழங்கை வரை வந்தது. தரையில் நின்ற இளையவர்களும் கூடவே குதித்தார்கள். பழைய கூட்டம் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கழுத்தில் ஏதோ விழுந்தது. தொட்டுப் பார்த்தார். மணல். அண்ணாந்தார். தோரணத்துக்குப் பின்னால் அந்தக் கோடு நேற்றைவிடக் கறுப்பாக இருந்தது.

வளையத்தைத் திருகினார். திரும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் கொடுத்துத் திருகினார். திரும்பவில்லை. அடுத்த தூணுக்குப் போய்த் தொட்டார். கல் மாதிரி இருந்தது.

மேலே இருந்தது கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது.

கத்த வேண்டும் என்று வாய் திறந்தது. அந்த ஒரு வார்த்தை தொண்டைக்கு வந்தது, அவருடைய பெயர் ஆகிவிட்ட வார்த்தை. வந்த வேகத்தில் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஓடுங்க என்றால் ஓடுவார்கள். ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அந்தத் தளத்தை மிதித்துக்கொண்டு, விரிசல் விழுந்த மூலையில் இருக்கிற அந்தக் குறுகிய படிக்கட்டுக்குத்தான் ஓடுவார்கள். கீழே இருப்பவர்கள் பெரிய வாசலைப் பார்த்து, அதாவது மாடிக்கு நேர் கீழே, ஓடி வருவார்கள். இல்லையென்றால் ஒருவரும் நம்பாமல், 'பாருங்கப்பா, பழைய பாட்டுக்காரங்க வேலையை' என்று இன்னும் உயரமாகக் குதிப்பார்கள். எது நடந்தாலும் மகள் மேலே இருக்கிறாள்.

திடீரென்று டிரம்ஸ் நின்றது. மகள் கண்ணை மூடி மைக்கில் ஜெபிக்கத் தொடங்கினாள். அந்த ஜெபம் முடிந்ததும் பல்லவி இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக எழும். வீட்டில் ஹெட்போனோடு அவள் முழங்காலில் போட்ட தாளத்தில் அதைப் பார்த்திருந்தார், விரல் கொஞ்ச நேரம்தான் நிற்கும், உடனே வேகமாக எழும். ஜெபம் சின்னது.

அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. தோன்றியதை யோசித்துப் பார்க்க நேரம் இல்லை. அவள் ஆமென் சொன்ன நொடியில் அவர் பாடத் தொடங்கினார்.

"மெல்ல நட என் மனமே, மேய்ப்பர் முன்னே போகிறார்..."

எண்ணெய் காணாத கீல் போன்ற குரல். சுருதி எங்கேயோ, அவர் எங்கேயோ. சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் மனைவி வாய் திறந்தபடி எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத குரல் அது.

"கால் வைக்கும் இடமெல்லாம் கை வைத்துத் தாங்குவார்..."

இரண்டாவது வரியில் தையல்காரர் சேர்ந்துகொண்டார். அவருக்கு இது என்னவென்று தெரியாது. எத்தனையோ ஞாயிறுகளாகக் காத்திருந்த சண்டை இதுதான் என்று நினைத்துவிட்டார். முகம் முழுக்க வெளிச்சத்தோடு எழுந்து, கை அசைத்து, தன் கூட்டத்தை எழுப்பிவிட்டார். பழைய பாட்டுக்காரர்கள் எல்லோரும் எழுந்து, ஊறப்போட்ட கோபத்தையெல்லாம் சேர்த்து, நாலு குரலில் பிடித்துக்கொண்டார்கள். இறங்கு பாட்டு சுவரில் மோதியது.

மேலே எலக்ட்ரீசியன் குச்சிகளை உயர்த்திவிட்டான். ஓர் அடி அடித்தால் போதும், இவர்கள் குரல் இருந்த இடம் தெரியாது. மகள் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் நின்றது. இத்தனை பேர் முன்னால், அதுவும் சொந்த அப்பா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பீமைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். ஒரு கை வெள்ளைத் துணி சுற்றிய தூணை, வெள்ளத்தில் போகிறவன் மரத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தது. பிடித்த இடத்தில் துணி விலகி இரும்பு தெரிந்தது. சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனவளுக்கு அந்த இரும்பைத் தெரியும்.

மகள் மைக்கைக் கீழே வைத்தாள். எலக்ட்ரீசியனின் குச்சிகளைக் கையோடு சேர்த்துப் பிடித்தாள். ஏதோ சொன்னாள். பிறகு கிட்டார்க்காரன் தோளைத் தொட்டுப் படிக்கட்டைக் காட்டினாள்.

முதல் ஆள் இறங்க ஆரம்பித்தான். ஒரு சொல், ஒரு படி. திருப்பத்தைத் தாண்டினான். அடுத்தவள் கால் வைத்தாள். சிறு வயதில் எல்லோரும் நடந்து பழகிய நடை, கால்கள் மறக்கவில்லை. கீழே சபை அசையாமல் நின்றது, அதுதான் வழக்கம். புதுப் பாட்டுப் பிள்ளைகள்கூட என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

அவருக்கு முதல் சரணம்தான் தெரியும். அது முடிகிற இடத்தில் அவர் குரல் பள்ளத்தில் விழுந்தது போல நின்றது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டு இரண்டாவது சரணத்தை எடுத்தாள். அவள் கண்கள் அவர் கையிலிருந்து தூணுக்கும் தூணிலிருந்து பீமுக்கும் போயின. அவள் குரல் நடுங்கியது. ஆனால் வேகம் கூடவில்லை. முப்பது வருஷம் சென்ட்ரிங்காரனோடு குடித்தனம் நடத்தியவள்.

அந்தப் பாட்டின் மெதுநடையை அவர் எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருக்கிறார். இப்போது அது ஓடக் கூடாது. ஓடினால் கால்களும் ஓடும். ஆனால் அது இழுக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் மகள் மேலேயே நிற்கிறாள். மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக நின்றுகொண்டாள். எலக்ட்ரீசியன் கூட இறங்கிவிட்டான். மேலே ஒரே ஒரு காலடிச் சத்தம். இரண்டு எட்டு வேகம் இல்லாமல், ஒரே சீராக. பீமுக்குள்ளிருந்து, நாற்காலி நெறிவது போல, ஒரு சின்ன முனகல் வந்தது. பாட்டுச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

மகள் திருப்பத்துக்கு வந்தாள். தாண்டினாள். அவள் கால் தரையில் பட்டது.

பாட்டு நின்றதும் தையல்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை, பெரிய ஆளுய்யா நீங்க. ஒரே பாட்டுல இறக்கிட்டீங்களே எல்லாரையும்."

"அங்கிள், ஆண்டு ஆராதனையில வச்சு இப்படிப் பண்ணிட்டீங்களே," என்றான் எலக்ட்ரீசியன். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"முன்னாடி போங்க," என்றார் அவர். "ரெண்டு பேரும் முன்னாடி போங்க. இங்க நிக்காதீங்க."

அவர் குரலில் இருந்ததைப் போதகர் தூரத்திலிருந்தே புரிந்துகொண்டார். முகம் துணிபோல வெளுத்திருந்தது. "ஆசீர்வாதம் வெளியில, முற்றத்துல. பெரிய வாசல் வேண்டாம், எல்லாரும் பலிபீடத்துப் பக்கத்துக் கதவு வழியா. மெதுவா." சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். யார் ஜெயித்தது என்ற பேச்சு கதவுக்கு வெளியே போவதற்குள் தொடங்கிவிட்டது.

எலக்ட்ரீசியன் மட்டும் பாதியில் திரும்பினான். "என் டிரம்ஸ் மேல இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

மகள் அவன் சட்டையைப் பிடித்தாள். "போகாத."

"ஏன்?"

"எங்க அப்பா பாடி நீ கேட்டிருக்கியா?"

"இல்ல."

"நானும் கேட்டதில்ல. போகாத."

அவன் பாட்டு மாடியைப் பார்த்தான், தூணைப் பார்த்தான், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்தான். பிறகு வெளியே போனான்.

ஆலயம் காலியாயிற்று. மகள் பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றாள். இரண்டு எட்டு அவரை நோக்கி வைத்தாள்.

"அங்கேயே நில்லு," என்றார். "கிட்ட வராத."

"வளையம் திரும்பலையா அப்பா?"

"திரும்பல."

"ரெண்டு கையாலயும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சரி, விட்டுட்டு வாங்க."

அவர் வரவில்லை. வர நினைத்தார், கை விடவில்லை. தான் விட்டால் எல்லாம் வந்துவிடும் என்று விரல்கள் நம்பின. தான் பிடித்துக்கொண்டிருப்பதால் அது நிற்கவில்லை, இரும்பு தாங்குவதால் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். விரல்களுக்குத் தெரியவில்லை. முறுக்கிய துணி கயிறு போல ஆகியிருந்தது. மறுபடி மணல் விழுந்தது, இந்தத் தடவை தோளில்.

"அப்பா."

"வரேம்மா."

"ஓட வேண்டாம்," என்றாள் மகள்.  "நேத்து நான் சொன்னது..."

"அதெல்லாம் அப்புறம்."

அவள் இருந்த இடத்தில் நின்றுகொண்டு, மைக் இல்லாமல், மெதுவாக, முதல் வரியை எடுத்தாள். அவளுக்குப் பிடிக்காத பாட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, எழுத்துக் கூட்டுகிறவருக்குக் காத்திருப்பது போலப் பாடினாள்.

மெல்ல. ஒரு விரல் விட்டது. நட. இன்னொன்று. கை முழுதும் விடுபட்டபோது உள்ளங்கையில் ஒரு காகிதப் பூ ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் முதல் எட்டு வைத்தார். தலைக்கு மேலே அந்த முனகல், இப்போது நீளமாக. அண்ணாந்து பார்க்கவில்லை. மகளின் வாயைப் பார்த்துக்கொண்டு, அவள் அடுத்த சொல்லைச் சொல்வதற்காக நின்றார்.